ஷேப் நானாவும் பலகைத் தட்டியும்

ஆங்கிலேயர் நம்மை ஆண்டு முடித்துப் புறப்பட்டபோது விட்டுவிட்டுப் போன சொற்களில் ‘ஷேப்’ என்பதும் ஒன்று. அந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள் உண்டு என்பது உலகத்தில் ஒரேயொரு மனிதருக்குத்தான் முழுதாகத் தெரியும். அவர் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பழைய நீல வான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயருக்குத் தெரிந்ததெல்லாம் அதில் கால்வாசிதான்.

நான் அந்த வானில் முன் சீட்டில் உட்கார்ந்து பாதி ஆயுளைக் கழித்தவன். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது என் வேலை. உருளைக்கிழங்கு அழுகியதற்கு வருந்துகிறோம், தண்ணீர் பவுசர் வண்டி பிந்தியதற்கு வருந்துகிறோம், முட்டை உடைந்ததற்கு மிகவும் வருந்துகிறோம் என்று வருடக்கணக்காக எழுதியதில் எனக்கு நிரந்தரமாகவே ஒரு வருந்துகிற முகம் வந்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். கண்ணாடி பார்க்கக்கூட இப்போது அலுப்பாக இருக்கிறது.

வானோட்டிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊர் முழுக்க அவர் ஷேப் நானா; முஸ்லிம்களில் மூத்தவரை நானா என்போம். கிண்ணியாவுக்கு அப்பால் குறிஞ்சாக்கேணியில் வீடு. வெள்ளைச் சாரன், மடித்துவிட்ட சேர்ட் கை, தலையில் எப்போதும் ஒரு தொப்பி, வாயில் எப்போதும் அந்த ஒரு சொல்.

அகராதியில் பார்த்தால் ஷேப் என்றால் வடிவம், உருவம். நானாவின் அகராதி வேறு. காலையில் வான் ஸ்டார்ட் ஆனால், “ஷேப்.” ஆகாவிட்டால், “ஷேப் பண்ணுவம்.” பிரேக் சரியாகப் பிடிக்காத நாளில், “ஷேப்பாப் போவம்.” சாப்பாடு நன்றாக இருந்தால், “ஷேப்பான கறி.” யாராவது சத்தம் போட்டால், “ஷேப், ஷேப்” என்று காற்றைக் கையால் தடவிக் கொடுப்பார். கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். காலையில் தேத்தண்ணிக் கடைக்காரர் உள்ளேயிருந்து “ஷேப்பா?” என்று கேட்பார். நானா வானுக்குள் இருந்தபடியே “ஷேப்!” என்பார். இரண்டு பேருடைய குடும்ப நிலவரம், உடல் நிலை, நாட்டு நடப்பு எல்லாம் அதோடு பேசி முடிந்துவிடும். வீதியில் மறிக்கிற சிங்களப் பொலிஸ்காரரோடும் இதே கதைதான். சிங்களத்திலும் அது ஷேப்தான் என்பதால் இடையில் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

ஒருநாள் கோதுமைக் கப்பல் ஒன்றுக்குக் கோவா என்கிற முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போனோம். பின்கதவு வடிவாகப் பூட்டுப்படாத வான் அது. தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்து பார்த்தால் மான்கள். ஊரில் மான்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றுக்கு வெட்கமும் இல்லை. ஒரு கிடா வானுக்குள் தலையை விட்டு நின்றபடி கோவா தின்றுகொண்டிருந்தது. வெளியே அதன் குடும்பம் வரிசையில் நின்றது.

நான் தலையில் கை வைத்தேன். “நானா, கப்பல்காரனுக்கு நான் என்னெண்டு எழுதுறது?”

“ஷேப் தம்பி. மேல் இலையக் கிள்ளிப் போட்டா உள்ளுக்குப் புதுசா இரிக்கும்.”

“மான் கடிச்சது தெரியாதோ?”

“கப்பல்ல மான் இல்லையே. அவனுகளுக்கு எப்படித் தெரியும்?”

கிள்ளினோம். கொண்டுபோய்க் கொடுத்தோம். கப்பல் சமையற்காரர் கோவாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு புதிதாக இந்தப் பக்கத்தில் எங்குமே கிடைக்கவில்லை என்று பாராட்டினார். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

கொஞ்சம் ஆங்கிலம் படித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் ஒரு சொல்லை எழுதினால் அதற்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற சாதி. பக்கத்தில் ஒரு மனிதர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வீடு கட்டுகிறார், சோறு சமைக்கிறார், சண்டை தீர்க்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“நானா, உங்களுக்கு வேற சொல்லே தெரியாதோ?”

அவர் உண்மையாகவே யோசித்தார். கப்பல்துறை வரும் வரைக்கும் யோசித்தார். பிறகு, “ஏன் தம்பி, இது பத்தாதா?” என்றார்.

அன்று வீட்டுக்குப் போனால் மனைவி தட்டை வைத்துவிட்டு, “வடிவாச் சாப்பிடுங்கோ” என்றாள். வடிவு என்றாலும் ஷேப்தானே என்று அப்போதுதான் உறைத்தது. வடிவாச் சாப்பிடு, வடிவாக் கேள், வடிவாப் பூட்டு என்று பிறந்த நாளிலிருந்து நாங்களும் அதையேதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதை நான் நானாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு கிழமைக்கு அதையே பிடித்துக்கொண்டு நிற்பார், எனக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை.

என் மாமனார் இறந்தபோது செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ஷேப் தம்பி, ஷேப்” என்றார். மனைவியின் சொந்தக்காரர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. வெளியே போய்க் கதிரைகளை இறக்கினார், தறப்பாள் கட்டினார், தண்ணீர் பிடித்து வைத்தார். அவர் போன பிறகு சொந்தக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “ஆர் அந்த ஆள்? நல்ல ஷேப்பான மனுசன்” என்றார். வியாதி எங்கள் குடும்பத்துக்குள்ளும் புகுந்துவிட்டது என்று எனக்கு அப்போது விளங்கியது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நானா வானோடு போய் வரிசையிலேயே குடியிருந்தார். முன்னுக்கு யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சண்டை வரும், இவர் போய் ஷேப் பண்ணுவார். தண்ணீர்ப் போத்தலுக்குச் சண்டை வரும், அதையும் பண்ணுவார். கடைசியில் இவருடைய முறை வரும்போது பெற்றோல் முடிந்துவிடும். ஒருநாள் வெறும் வானைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். வரிசையில் முன்னால் மோட்டார் சைக்கிளோடு நின்ற பொடியன் ஒருவன் தன் குடையை இவருக்குப் பிடித்தானாம். விசாரித்தால் நல்ல குடும்பமாம். பெற்றோல் கிடைக்கவில்லை, மருமகன் கிடைத்தான்.

இதெல்லாம் சில்லறை. நானாவின் உண்மையான உத்தியோகம் வானில் இல்லை, கம்பனி அலுவலகமான கந்தோருக்குள் இருந்தது.

எங்கள் கம்பனிக்கு முதலாளிகள் இரண்டு பேர். அண்ணன், தம்பி. நாங்கள் பெரியவர், சின்னவர் என்போம். தகப்பன் உண்டாக்கிய கம்பனி. இரண்டு பேரும் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் இருந்தார்கள். பெரியவருக்குப் பீனிசம், குளிர் ஆகாது. சின்னவருக்கு வியர்வை, சூடு ஆகாது. ஏசி ஒன்று பூட்டினார்கள். ஒருவர் போட, மற்றவர் நிறுத்த, ஒருநாள் வார்த்தை முற்றிப்போய், அறைக்கு நடுவில் ஒரு பலகைத் தட்டி எழும்பியது. அன்றிலிருந்து ஒருவரோடொருவர் கதையில்லை. வருடங்கள் போய்விட்டன. ஏசிக்கு முதலே ஏதோ இருந்திருக்கும், அது எங்களுக்குத் தெரியாது.

ஆனால் கம்பனி நடக்க வேண்டுமே. ஒருவரைக் கேட்காமல் மற்றவர் ஒரு மூட்டை வெங்காயம்கூட வாங்க முடியாது. அப்போதுதான் நானா நடுவில் வந்தார். ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கொண்டுபோக வேண்டியது அவர். தட்டியைச் சுற்றி நாலு எட்டு நடை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டி கூரை வரைக்கும் போகவில்லை, தோள் உயரம்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சுத்தமாகக் கேட்கும். கேட்டாலும் கேட்கவில்லை. நானா நடந்து வந்து வாய் திறந்து சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, எப்படியோ அப்படி ஆகிவிட்டது.

பெரியவர் இந்தப் பக்கம் இருந்து கத்துவார். “அந்த மடையனிட்டச் சொல்லு, மீன்ட விலை தெரியாதவன் மீன் வாங்கப் போகப்படாதெண்டு!”

அந்தப் பக்கம் சின்னவர் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானா நிதானமாகச் சாரனைச் சரிசெய்துகொண்டு நடந்து போவார்.

“காக்கா கேக்குறாங்க, இந்தக் கிழமை மீன் விலை என்ன மாதிரி எண்டு. உங்களுக்குத்தானே தெரியுமாம்.”

காக்கா என்றால் அண்ணன். சின்னவர் கலண்டரை விட்டுவிட்டு முகத்தைச் சுழிப்பார். “அந்தக் கிழவனிட்டச் சொல்லுங்க, வேணுமெண்டாக் கடல்ல இறங்கி மீனிட்டையே கேக்கச் சொல்லி!”

நானா திரும்ப நடப்பார். “தம்பி வெயில் தாழக் கடக்கரைப் பக்கம் போய் விசாரிச்சிட்டு வாறாராம்.”

“ம்” என்பார் பெரியவர். வெயில் தாழ்ந்ததும் சின்னவர் எழும்பி உண்மையாகவே கடற்கரைக்குப் போய் விலை விசாரித்துக்கொண்டு வருவார். இதை நான் கண்ணால் கண்டேன், ஒருமுறை இல்லை, ஆயிரம் முறை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது, பிறகு அலுத்தும் போய்விட்டது.

“நானா, இது பொய்யில்லையோ?” என்று வானில் வைத்துக் கேட்டேன்.

“இது எப்படிப் பொய் தம்பி? ஷேப் பண்றது. அவங்கட வாப்பா மௌத்தாகுறதுக்கு முந்தி என்ட கையப் புடிச்சி, ரெண்டு பேரையும் பிரிய விட்ராத எண்டாரு. படிச்ச ஆள் எண்டா வேற வழி தெரிஞ்சிருக்கும். எனக்கு இதுதான் தெரியும்.” சாகப்போகும் தகப்பன் கேட்ட வாக்கு அது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு நானாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. குடை பிடித்த அதே பொடியன். கல்யாண வேலைக்காக நானா லீவு போட்டார். அவர் எனக்குத் தெரிந்து லீவு போட்டது அதுதான் முதல் தடவை. போகும்போது என்னிடம், “நான் வருமட்டும் ஷேப்பாப் பாத்துக்கங்க” என்று ஏதோ குழந்தையை விட்டுவிட்டுப் போவதைப் போலச் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு அந்த உத்தியோகம் சரிவராது என்று இரண்டு முதலாளிகளுக்குமே தெரியும், அவர்கள் என்னைக் கேட்கவே இல்லை.

அவர்கள் போனை எடுத்தார்கள். போனில் குரலைப் பதிந்து அனுப்புகிற வசதி ஒன்று இருக்கிறதே, ‘வொயிஸ்’ என்று எல்லாரும் சொல்வது, அது. பெரியவர் இந்தப் பக்கம் இருந்து போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துத் திட்டினார். தோள் உயரத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த போன் ‘டிங்’ என்றது. சின்னவர் அமுக்கினார். பெரியவரின் குரல் அப்படியே வந்தது.

“வெங்காயம் முளைச்சிரிக்கி. வெங்காயம் வாங்கினவன்ட மண்டைக்குள்ளதான் ஒண்டும் முளைக்கல்ல.”

இதைவிட மோசமானதெல்லாம் எத்தனையோ வருடமாகத் தட்டிக்கு மேலால் பறந்திருக்கிறது. ஆனால் அவை சொன்னவை அல்ல. இது சொன்னது. சின்னவர் அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டார். சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை கேட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் பெரியவர் தன் குரலையே கேட்டுக்கொண்டு இருந்தார். அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கெட்ட குரல் தனக்கு இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

பிறகு சின்னவர் ஒரு வொயிஸ் அனுப்பினார். பெரியவர் ஒன்று. சின்னவர் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவை கட்டைபறிச்சானில் இருக்கும் முதலாளிகளின் சொந்தக்காரர்கள் வரைக்கும் போய், அங்கிருந்து பதில் வொயிஸ்களும் வந்து, கந்தோர் ஒரு வானொலி நிலையம் ஆகிவிட்டது. அடுத்த நாள் கம்பனியை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவு. அதற்கடுத்த நாள் மேசன் பாஸ் என்கிற கொத்தனார் ஒருவர் வந்து தட்டி நின்ற இடத்தில் கல் மதில் கட்ட அளவெடுத்தார். நிலத்தில் வெண்கட்டியால் கோடு போட்டார். கோடு தட்டி முடியும் இடத்தையும் தாண்டி என் மேசைக்கு நடுவாலே போனது.

எங்களுக்குள் யார் எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தது. பெரியவர் நான் தன் பக்கம் என்றார். சின்னவர் ஆங்கிலக் கடிதம் தனக்குத்தான் தேவை என்றார். உண்மையில் பாதிக் கம்பனிக்கு என்னை வைத்திருக்க வசதி வராது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மகன் கம்பஸில் இன்னும் படித்து முடியவில்லை. வருந்துகிறோம் என்று எழுதுவதைத் தவிர வேறு தொழில் எனக்குத் தெரியாது. இந்த வயதில் யார் என்னைக் கூப்பிட்டு வேலை தரப்போகிறார்கள்? வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

நானா கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். வந்தவர் வெண்கட்டிக் கோட்டைப் பார்த்தார். நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொல்லி, எனக்கும் வந்து சேர்ந்திருந்த வொயிஸ்களைப் போட்டுக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இத என்ன மாதிரியாவது ஷேப் பண்ணுங்கோ நானா” என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் நான் சொன்னது அன்றுதான்.

“ஏலா தம்பி.”

“என்ன, ஏலாதோ?”

“வாயால சொன்னதெண்டா நான் பாத்துக்குவன். அது காத்தோட போயிரும். இது போன்லயே கிடக்கே. திரும்பத் திரும்பக் கேக்கலாமே.” அவர் கண்ணைத் துடைத்தார். “வாப்பாக்கு நான் என்ன சொல்ற?”

அந்த மனிதர் ஏலாது என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஆனால் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விடமுடியாதே. உள்ளே போய் முதலில் பெரியவருக்கும், தட்டியைச் சுற்றிப் போய்ச் சின்னவருக்கும், ஒரே வசனத்தைச் சொன்னார். “உங்களுக்கெண்டு ஒரு சஹன் வெச்சிரிக்கன். வராம இரிக்கப்படா.” இரண்டு பேரும் வருகிறேன் என்றார்கள். ஒரே சஹனா என்று யாரும் கேட்கவில்லை.

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நடுவில் சோறு, மேலே கறிகள், ஓரத்தில் காரமான சம்பல். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். இது முஸ்லிம் கல்யாண வீடுகளின் வழக்கம். உட்கார்ந்து கை கழுவிய பிறகு எழும்பிப் போனால் கல்யாண வீட்டாரை அவமதித்த மாதிரி. அதிலும் கோழியைப் பிய்த்து எல்லாருடைய பக்கத்துக்கும் பங்கு வைப்பது சஹனில் மூத்தவரின் வேலை. அவர் வைக்கும் வரை மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பந்தலுக்குள் போன என்னை யாரோ தோளைப் பிடித்து ஒரு சஹனில் உட்கார்த்தினார்கள். பார்த்தால் எனக்கு வலப்பக்கம் பெரியவர். அவருக்கு அடுத்தது சின்னவர். எதிரே கட்டைபறிச்சானிலிருந்து வந்த இரண்டு வயதாளிகள். ஆறாவது ஆள் யாரென்று நிமிர்ந்து பார்த்தேன், மதிலுக்கு அளவெடுத்த மேசன் பாஸ். அவர் நானாவுக்கு மச்சினன் முறையாம். இது நானாவின் திட்டமா, பந்தலில் நின்றவர்களின் கைத்தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதால் எங்கள் சஹனுக்கு மட்டும் கோழி வைத்திருந்தார்கள். அவ்வளவு வேலைக்குள்ளும் நானா அதை மறக்கவில்லை. எதிரே இருந்த வயதாளிகள் இதற்காக என்னைக் கோபமாகப் பார்த்தார்கள்.

கை கழுவியாகிவிட்டது, இனி எழும்ப வழியில்லை. வயதாளிகள் தங்கள் கைக்குப் பலமில்லை என்று வேலையைப் பெரியவரிடம் விட, அவர் கோழியைப் பிய்த்தார். வயதாளிகளுக்கு வைத்தார், மேசன் பாஸுக்கு வைத்தார், எனக்கு வைத்தார். பிறகு கோழி ஈரலை எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. சின்னவர் தன் பக்கத்துச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இந்தக் கை பின்னால் போனால் மதில் எழும்பும், என் கதையும் முடிந்தது என்று நான் ஈரலையே பார்த்தேன்.

அந்த நேரம் நானா ஒவ்வொரு சஹனாகக் குனிந்து, “ஷேப்பாச் சாப்பிடுங்க, ஷேப்பாச் சாப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

பழக்கம் பெரியவரை விடவில்லை. தம்பி ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார், இவர் நிமிர்ந்து நானாவைப் பார்த்தார். “அவனிட்டச் சொல்லு. ஈரல் அவனுக்குத்தான் எடுத்தன். ஆனா அந்தச் சம்பலோட திங்க வேணாமெண்டு சொல்லு. வயித்துப் புண்ணோட மறுகா நெளிஞ்சிக்கிட்டு இருப்பான்.”

நானா சின்னவர் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். இத்தனை வருடமும் அந்தத் திரும்புகிற நேரத்துக்குள் ஒரு வசனத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தவர் அவர். இதில் கழுவ ஒன்றும் இல்லை. அவர் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு சொன்னார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், பெரியவர் சொன்னபடியே சொன்னார். கடைசிச் சொல் வரும்போது குரல் உடைந்துவிட்டது.

சின்னவர் தலை நிமிரவில்லை. “காக்காட்டச் சொல்லுங்க, அவருக்குச் சீனி கூடிக் கிடக்கு. வட்டிலாப்பம் வரும், கை வைக்க வேணாமெண்டு சொல்லுங்க.”

நானா பெரியவர் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லத் தேவையில்ல, எனக்குக் காது கேக்குது!” என்று பெரியவர் தம்பியின் முகத்தைப் பார்த்தே கத்தினார்.

“கேட்டா அதும்படி நடங்க!” என்று சின்னவரும் நேரே பார்த்துக் கத்தினார்.

ஈரல் சின்னவர் பக்கத்தில் விழுந்தது. தட்டி எழும்பிய பிறகு அண்ணனும் தம்பியும் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அதுதான், அதுவும் சண்டை. இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது, சம்பல் காரம் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். எதிரே இருந்த வயதாளி ஒருவர், “கதையெல்லாம் கிடக்கட்டும், மிச்சக் கோழியையும் பிச்சி வையுங்க” என்றார். நான் அன்று இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

மதில் கட்டப்படவில்லை. மேசன் பாஸ் அடுத்த நாள் வந்து ஆணிகளைப் பிடுங்கித் தட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அதில் அவர் கோழிக்கூடு அடித்ததாகக் கேள்வி.

இப்போது முதலாளிகள் நேரடியாகவே கதைக்கிறார்கள். காலையில் தொடங்கினால் பொழுதுபடும் வரை கதைதான், கதையில் பாதி சண்டை. மடையா என்றால் மடையா என்றே போய்ச் சேர்கிறது. அரை மணித்தியாலத்தில் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். நடுவில் மேசை போட்டிருக்கும் எனக்குத்தான் தலை இடிக்கிறது. வேலை நிலைத்ததே பெரிது என்று வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நானாவுக்குக் கந்தோருக்குள் வேலை இல்லாமல் போய்விட்டது. கொஞ்சக் காலம் வான் மட்டும் ஓட்டினார். இரண்டு பேரும் கதைக்கும்போது வாசலில் நின்று பார்ப்பார். பிறகு முழங்கால் வலி என்று வீட்டோடு நின்றுவிட்டார். புது ட்ரைவர் நல்லவர்தான். பிரேக் பிடிக்கிறது, பின்கதவு பூட்டுகிறது, நேரத்துக்குப் போய்ச் சேர்கிறோம். முன் சீட்டில் நான் வாய் மூடி இருக்கிறேன். என்ன மாதிரி இருக்கிறீங்கள் என்று என்னைக் கேட்க அந்த வானில் யாரும் இல்லை.

எல்லாருடைய சொல்லையும் தூக்கிக்கொண்டு நடந்த மனிதருக்கு யாரும் ஒரு சொல் சொல்லி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. போனில் சொல்லலாம். ஆனால் அவர் “ஷேப் தம்பி” என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவார். அதனால் இதை வாசிக்கிறவர்களில் யாராவது கிண்ணியாப் பாலம் தாண்டிக் குறிஞ்சாக்கேணிப் பக்கம் போனால், ஷேப் நானா வீடு எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். கந்தோர்த் தம்பி சொல்லச் சொன்னதாகச் சொல்லுங்கள். வேலை ஒன்றும் இல்லை, சும்மா ஒருக்கா கந்தோருக்கு வந்து இருந்துவிட்டுப் போகட்டாம், அவர் இல்லாமல் எனக்கு அங்கே இருக்க ஏலாமல் இருக்கிறதாம். தயவுசெய்து ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்.